ஓர் ஈயை எழுதுவது

அன்புள்ள நிலா,

புதிய பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்த செய்தியைப் படித்துவிட்டு, "அது புதுசுன்னு அவங்களுக்கு எப்படி அத்தை தெரிஞ்சுது?" என்று கேட்டிருந்தாய். செய்தி எழுதியவர் விட்டுவிட்ட இடத்தை நீ சரியாகப் பிடித்திருக்கிறாய். காட்டில் கையில் அகப்படுவது ஓர் ஈ, அவ்வளவுதான். அது புதியதா என்பது அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகே தெரியவரும். எனக்குப் பிரியமான நெடுங்கால் ஈக்களை வைத்தே சொல்கிறேன்.

மைக்ரோபெசிடே என்பது இவற்றின் குடும்பம். இதுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தவை, மத்திய, தென் அமெரிக்காவில் மிக அதிகம். நடுக்காலும் பின்காலும் அவ்வளவு நீளம். கொக்கலிக்கட்டை கட்டி ஆடுபவரைப் போல இலைமேல் உயர்ந்து நடக்கும். முன்கால்கள் மட்டும் குட்டை. பல இனங்களில் அவற்றின் நுனி வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை நுனிகளைத் தலைக்கு முன்னால் நீட்டி விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு அவை ஒட்டுண்ணிக் குளவியின் உணர்கொம்புகளாகவே தெரியும். வேறு சில இனங்கள் இடுப்பு சிறுத்து எறும்பின் சாயலில் இருக்கும். பறவை எச்சமும் அழுகிய பழமும் இவற்றின் தீனி. சில இனங்களில் இணை சேரும் வேளையில் ஆண் தன் வாயிலிருந்து ஒரு துளியைப் பெண்ணுக்கு ஊட்டும்.

இப்போது நீ கோஸ்டா ரிக்காவின் ஒரு மேகக் காட்டில் நிற்பதாக வைத்துக்கொள். அந்த நாட்டில் சுர்க்கி என்ற இடத்தில், 1,600 மீட்டர் உயரத்தில், வெறும் 4 ஹெக்டேர் காட்டில் ஓராண்டு பிடித்த ஈ, கொசு வகைகளை நிபுணர்கள் பலர் சேர்ந்து பிரித்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது: 4,332 இனங்கள்! பத்து ஏக்கர் நிலத்தில்! பெயரில்லாத உயிர்கள் அங்கே காலடிதோறும் இருக்கின்றன. பஞ்சம் அவற்றை எழுதும் ஆட்களுக்குத்தான்.

ஈயைப் பிடிக்கும் முன் அதைப் படம் எடு. உலர்ந்ததும் கண்ணின் நிறம் போய்விடும். முன்காலை எப்படி ஆட்டியது என்பதை ஊசியில் குத்திய எந்த ஈயும் சொல்லாது. பிறகு வலையில் பிடித்து, ஊசியில் குத்தி, அதன் கீழே ஒரு சிறு சீட்டைச் செருக வேண்டும்: இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர். சீட்டில்லாத ஈ அறிவியலுக்குப் பயன்படாது. எத்தனை அழகானதாக இருந்தாலும் சரி, நான் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

அடுத்த வேலைதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இந்த ஈயை ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா? 1922-இல் குந்தர் எண்டர்லைன் இந்தக் குடும்பத்தை வகைப்படுத்தினார். 1934 முதல் 1936 வரை வில்லி ஹென்னிக் அதை முழுக்கத் திருத்தி எழுதினார். தொடங்கியபோது ஹென்னிக்குக்கு 21 வயது, லைப்சிக் பல்கலைக்கழக மாணவர்! உயிரினங்களைப் பரிணாமக் கிளைகளின்படியே வகுக்க வேண்டும் என்று பின்னாளில் நிலைநாட்டி உயிரியலின் போக்கையே மாற்றியவர் அவர்தான். அண்மைக் காலத்தில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் மார்ஷல் பேரினம் பேரினமாக எடுத்துத் திருத்தியிருக்கிறார். இவர்கள் எழுதியது அத்தனையையும் நீ படித்தாக வேண்டும், ஜெர்மன் மொழியில் இருந்தாலும். பழைய விளக்கங்கள் சில வேளை இரண்டே வரி இருக்கும்: "கறுப்பு, கால் மஞ்சள், சிறகில் பட்டை." அந்த இரண்டு வரிக்குப் பொருந்தும் ஈக்கள் இருபது இருக்கலாம். எழுதியவர் எந்த ஈயைப் பார்த்து எழுதினார் என்று அறிய, அந்தப் பெயருக்குச் சான்றாக அவர் விட்டுச்சென்ற ஈயை, அதாவது மூலமாதிரியை, தேடிப் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பார்க்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதே. ஒரே இனத்தில் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் இருக்கும். ஆணும் பெண்ணும் வேறாகத் தெரியும். உறுதியான சான்று ஆணின் வயிற்று நுனியில் இருக்கிறது. அதைக் கத்தரித்துக் காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்தால் சதை கரைந்து ஓடு மட்டும் தெளியும். அதைக் கிளிசரின் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இந்த ஈக்கள் பலவற்றில் ஐந்தாம் வளையத்தின் அடியில் இரட்டைக் கவை ஒன்று உண்டு. பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவுவது. அதன் வளைவும் முள்மயிர்களும் இனத்துக்கு இனம் மாறும். பத்து ஈக்களில் ஒன்றுபோல் இருந்து, தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்போது சொல், புதியது என்று.

அதன் பிறகே எழுத்து. தலையில் தொடங்கி வயிற்று நுனி வரை, ஒவ்வொரு உறுப்பின் நிறம், நீளம், மயிர். "அழகான", "பெரிய" போன்ற சொற்களுக்கு அங்கே வேலையில்லை, மில்லிமீட்டரில் சொல். இதன் மிக நெருங்கிய உறவினத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் இரண்டு மூன்று அடையாளங்களைத் தனியாக, முதலிலேயே எழுது. படிப்பவர் தேடி வருவது அதைத்தான். ஒரே ஒரு ஈயை மூலமாதிரியாக அறிவித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். மூலமாதிரியையும் அது இருக்கும் இடத்தையும் குறிப்பதை 2000-இலிருந்து அனைத்துலக விலங்குப் பெயரிடல் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. நாளை உன்னை மறுக்க வருகிறவர் அந்த ஈயையே கையில் எடுத்துப் பார்க்கலாம். இவ்வளவும் ஆனபின் வைப்பதுதான் பெயர். அதற்கு ஒரு மாலை போதும்.

இதெல்லாம் எதற்கு என்று உன் அப்பா கேட்பார். இந்தியாவில் இஞ்சி, மஞ்சள் வயல்களில் மிமெக்ரல்லா சீருலிஃப்ரான்ஸ் என்றொரு நெடுங்கால் ஈ உண்டு. விவசாயிகள் கிழங்கு ஈ என்பார்கள். அதன் புழு கிழங்கைத் துளைத்துக்கொண்டு இருக்கும். ஆனால் பெரும்பாலும் அழுகல் நோய் தாக்கிய கிழங்கிலேயே அது காணப்படுகிறது. அப்படியானால் மருந்தை ஈக்கு அடிப்பதா, அழுகலுக்கா? இதை ஆராய முதலில் அந்த ஈ எது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு யாரோ ஒருவர் அதைச் சரியாக எழுதியிருக்க வேண்டும்.

நீ இன்றே தொடங்கலாம். வீட்டு ஈ ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்து ஒரு பக்கம் எழுது. பிறகு ஒரு நீல ஈயையும் எடுத்துக்கொள். உன் தோழியிடம் இரண்டு ஈக்களையும் அந்தப் பக்கத்தையும் கொடு. எதைப் பற்றி எழுதினாய் என்று அவள் சொல்லட்டும். நிறத்தைச் சொல்லாமல் எழுதிப் பார், அதுதான் கடினம். அவள் தடுமாறினால் எந்த வரியில் தடுமாறினாள் என்று குறித்து, அந்தப் பக்கத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை