பிறர் படமும் நம் பாடமும்

இன்றைய தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பாடநூலைப் படித்து ஒப்பிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பொருளைப் பற்றித் தாமே ஆராய்ந்து, படங்களைத் திரட்டி, சுவரொட்டியாகவோ கையேடாகவோ காணொளியாகவோ படைத்துக் காட்டுகின்றனர். இணையத்தில் கண்ட படத்தை எடுத்து ஒட்டிவிடுவது எளிது. ஆயின், அப்படம் யாருக்கு உரியது? அதனை எடுத்தாள நமக்கு அனுமதி உண்டா? இவற்றை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

பதிப்புரிமை

ஒருவர் எடுத்த படமும் வரைந்த ஓவியமும் அவருக்கே உரிய உடைமையாகும். நம் நாட்டில் இவ்வுரிமையைக் காப்பது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். உரிமை பெறுவதற்குப் படைப்பைப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. ஆதலின், ஒரு படத்தின் கீழ்ப் பெயர் காணப்படாமையால் அது உரிமையாளர் அற்றது என்று கருதலாகாது. பொதுவாக, ஓர் எழுத்தாளரின் நூல் அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின்னர் மேலும் 50 ஆண்டுகளும் காக்கப்படுகிறது. அதன் பின்னர் அது பொதுவுடைமையாகிறது.

கற்பித்தலின்பொருட்டு, மூலத்தைக் குறிப்பிட்டு, நேர்மையான அளவில் எடுத்தாளச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் மாணவரின் ஆக்கம் வகுப்பறைக்குள் அடங்கி நிற்பதில்லை. பள்ளி மலரில் அச்சேறுகிறது, போட்டிக்குச் செல்கிறது, இணையத்தில் ஏறுகிறது. ஆகவே, தொடக்கத்திலேயே அனுமதியுள்ள படங்களைத் தேர்ந்துகொள்வதே சிறந்த வழி.

திறந்த உரிமம்

தம் படைப்பைப் பிறர் பயன்படுத்தட்டும் என விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி அளித்துவிடும் முறையே திறந்த உரிமம். 2001இல் அமெரிக்காவில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு, 2002இல் இத்தகைய உரிமங்களை வெளியிட்டது. அவற்றின் நிபந்தனைகளை நான்கு குறிகளால் அறியலாம்.

வட்டத்துள் மனித உருவம்: ஆக்கியோரின் பெயரைக் குறிப்பிடுக.
வட்டத்துள் சுழலும் அம்பு: மாற்றி அமைத்தால், அதனையும் இதே உரிமத்தில் வெளியிடுக.
வட்டத்துள் கோடிட்ட டாலர் குறி: வாணிகத்திற்குப் பயன்படுத்தற்க.
வட்டத்துள் சமக்குறி: மாற்றிய வடிவத்தை வெளியிடற்க.

ஓர் எடுத்துக்காட்டு

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 'ரப்பர் மரம் வந்த கதை' என்னும் சுவரொட்டியைத் தயாரிப்பதாகக் கொள்வோம். 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்திற்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இக்கதைக்கு நான்கு படங்கள் தேவை.

முதலாவது, மரத்தின் இலையும் பூவும் விதையும் காட்டும் ஓவியம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்த கோலரின் மருத்துவத் தாவர நூலில் அழகிய வண்ண ஓவியம் உண்டு. அது இன்று பொதுவுடைமை.

இரண்டாவது, கன்றுகள் வந்த வழியைக் காட்டும் நிலப்படம். ஊர்ப்பெயர்களைத் தமிழில் மாற்ற எண்ணினால், சமக்குறியுள்ள படத்தை விலக்குக. சுழலும் அம்பு உள்ளதை எடுத்தால், மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் வெளியிடுக.

மூன்றாவது, பால்வெட்டுக் காட்சி. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகத்தில் இதனைத் தேடலாம். வாணிகத் தடையோ மாற்றத் தடையோ மட்டும் உள்ள படங்களை அங்கு ஏற்பதில்லை.

நான்காவது, மாணவர் தம் இல்லத்திலேயே எடுப்பது: பாட்டி பயன்படுத்திய பால்வெட்டுக் கத்தி, பால் மங்கு, வாளி ஆகியவை.

பிறர் படத்தின் கீழ் ஐந்து செய்திகளை எழுதுக: படத்தின் தலைப்பு, ஆக்கியோர் பெயர், எடுத்த இடம், உரிமத்தின் பெயர், நாம் செய்த மாற்றம். 'இணையத்திலிருந்து' என்று மட்டும் எழுதுவது போதாது. இணையம் படங்கள் கிடைக்கும் இடமே தவிர, படைத்தவர் அல்ல.

பெறுவதோடு கொடுப்பதும்

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களும் பிரட்டுக் களங்களும் மறைந்து வருகின்றன. தோட்டத் துரைமார் எடுப்பித்த படங்கள் நூலகங்களில் உள்ளன. தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே காட்டும் படங்கள் அரிது. ஆகவே அந்த நான்காவது படம் மற்ற மூன்றினும் மதிப்பு மிக்கது. அதனைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், எங்கோ உள்ள மற்றொரு மாணவர் நம் பாட்டியின் கத்தியைக் கண்டு பாடம் கற்பார்.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை. மாணவரின் படம் மாணவருக்கே உரியது. அவரும் பெற்றோரும் இசைந்த பின்னரே பள்ளி வெளியிட வேண்டும். ஒருமுறை அளித்த உரிமத்தைப் பெற்றவரிடமிருந்து மீட்க இயலாது. குடும்பப் பெட்டியில் உள்ள பழைய படத்தின் உரிமை, அதனை வைத்திருப்பவரிடமன்றிப் படம் எடுத்தவரிடம் இருக்கக்கூடும். படத்தில் ஆட்கள் இருப்பின் அவர்தம் இசைவையும் பெறுக.

பிறர் உழைப்பை மதித்து அவர் பெயரை எழுதப் பழகும் பிள்ளை, தன் உழைப்பின் மதிப்பையும் உணரும். உழைத்தோரின் பெயர் ஏட்டில் ஏறாது போன துயரை நன்கறிந்த தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பயிற்சி

1. பள்ளிச் சுவரில் உள்ள மூன்று படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஆக்கியவர் யார் எனக் கண்டறிக.
2. திறந்த உரிமமுள்ள ஒரு படத்தைத் தேடி, ஐந்து செய்திகளையும் அதன் கீழ் எழுதுக.
3. வீட்டிலுள்ள பழைய தொழிற்கருவி ஒன்றைப் படமெடுத்து, அதன் பெயரையும் பயனையும் பெரியோரிடம் கேட்டு எழுதுக.