முத்திரை தாங்கிய ஏவலன்

கணினியைக் கையாள்வோர் அனைவரும் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்றுண்டு. ‘அப்டேட் வந்தால் உடனே ஏற்றுக்கொள்க, காலந் தாழ்த்தற்க’ என்பதே அது. அவ்வறிவுரை மெய்யானதே. மென்பொருளிற் காணப்படும் பழுதுகள் பெரும்பாலும் அப்டேட் வழியாகவே நீங்குகின்றன. ஆயின், பழுது நீக்கவரும் வழியே பழுதுடையதாயின் யாது நேரும் என்னும் வினாவை நம்மிற் பலர் எழுப்புவதில்லை. அதனை ஒருசிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். தமிழ் பயிலும் மாணவன் இப்பொருளிற் புகுதல் தகுமோவென நண்பர் சிலர் நகைத்தல் கூடும். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடே இதன்கண் முதன்மையாக நிற்றலின், சொல்லாராய்வோர்க்கும் இதிற் பங்குண்டென்றே யான் கருதுகிறேன்.

முதற்கண் கணினியினுள் நிலவும் அதிகார முறையை அறிதல் வேண்டும். ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தை எண்ணுக. ஆங்கே மாணவர் தத்தம் கணக்கின்வழிப் புகுந்து எழுதலாம், படிக்கலாம், தம் கோப்புகளை அழிக்கவும் செய்யலாம். பிறர் கோப்பினைத் திறத்தலோ, கணினியின் அடிப்படை அமைப்பை மாற்றுதலோ அவர்க்கு இயலாது. அவ்வாற்றல் நிருவாகிக்கே உரியது. மாக், லினக்ஸ் முதலியவற்றில் அத்தலைமைக் கணக்கிற்கு ‘ரூட்’ என்பது பெயர். சிறு கணக்கிற்குரிய ஒருவன், அல்லது அவனறியாது அவன் கணக்கினுட் புகுந்த தீய நிரல் ஒன்று, யாதேனுமொரு பழுதின் வாயிலாகத் தலைமை அதிகாரத்தைக் கைப்பற்றுதலைப் ‘பிரிவிலேஜ் எஸ்கலேஷன்’ என்பர். அதிகார ஏற்றம் என நாம் கூறலாம். அவ்வேற்றம் பெற்ற நிரல் அக்கணினியைப் பயன்படுத்துவோர் அனைவர் கோப்புகளையும் படிக்கும். காவல் நிரல்களை அடக்கும். தன் இருப்பையும் மறைத்துக்கொள்ளும்.

இனி அப்டேட்டிற்கு வருவோம். புதிய மென்பொருளை நிறுவுதற்குப் பெரும்பாலும் தலைமை அதிகாரம் வேண்டும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைக் கேட்பின் பயனர் சலிப்படைவர். சலிப்புற்றோர் அப்டேட்டையே ஒத்திவைப்பர். ஆதலின், நிறுவனத்தார் பலர் முதன்முறை மட்டும் கடவுச்சொல்லைப் பெற்று, தலைமை அதிகாரத்தோடு இயங்கும் சிறு நிரலொன்றை உள்ளே அமர்த்திவிடுகின்றனர். அஃது அரச முத்திரை தாங்கிய ஏவலனை ஒக்கும். சிறு கணக்கில் ஓடும் நிரல் பொதியைக் கொணர்ந்து நீட்டும். ஏவலன் அதனைச் சோதித்து நிறுவுவான். அச்சோதனை பிழைபடின், எவன் நீட்டிய பொதியும் அரசாணையாகிவிடும்.

இவ்விடர் புதிதன்று. கணினிப் பணியை வாடகைக்கு விற்ற நிறுவனமொன்றில் முன்னொரு காலத்தில் நேர்ந்ததை நார்ம் ஹார்டி என்பார் 1988-ஆம் ஆண்டில் எழுதினார். ஆங்கிருந்த கம்பைலர் ஒன்றிற்குத் தன் புள்ளிவிவரங்களைக் குறித்துவைத்தற்பொருட்டு ஒரு தனி அடைவில் எழுதும் உரிமை அளிக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளரின் கட்டணக் கணக்கும் அவ்வடைவிலேயே இருந்தது. பயனர் ஒருவர், தம் வெளியீட்டை எழுதவேண்டிய கோப்பு இதுவெனக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். பயனர்க்கு அதனைத் தொட உரிமையில்லை, கம்பைலருக்கோ உண்டு. ஏவியதை அது செய்தது; கட்டணக் கணக்கு அழிந்தது. இத்தகைய நிரலை ‘கன்பியூஸ்டு டெபுடி’ என்றார் ஹார்டி. மயங்கிய காரியஸ்தன் எனலாம். காரியஸ்தன் திருடனல்லன், யாருடைய உரிமையால் யாருடைய வேலையைச் செய்கிறோம் என்பதை மறந்தவன்.

நிற்க. கோவிட் நோய் பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளிற் பள்ளிச் சிறாராயிருந்த நம்மனோர் பலர்க்கு வகுப்பறையாய் அமைந்தது ஜூம் என்னும் மென்பொருள். நம்மிற் பெரும்பாலோர் கைப்பேசியிற் கற்றோம். ஈண்டுக் கூறப்போகும் பழுது ஆப்பிள் நிறுவனத்தாரின் மாக் கணினிக்குரிய ஜூமில் இருந்தது. அம்மென்பொருளும் மேற்கூறியவாறே ரூட் அதிகாரமுள்ள ஏவலனை உடையது. பேட்ரிக் வார்டில் என்னும் ஆராய்ச்சியாளர் அதன் சோதனை முறையை நுணுகி நோக்கினார்.

மென்பொருட் பொதிகள் டிஜிட்டல் கையொப்பம் பெற்று வருவன. பொதியின் உள்ளீட்டில் ஓர் எழுத்து மாறினும் அக்கையொப்பம் பொருந்தாது போம். அதனைச் சரிபார்க்கும் கருவி மாக் கணினியிலேயே உண்டு. ஒரு பொதியைக் கொடுத்தால், ‘இன்ன பெயருடைய பொதி, இன்னார் கையொப்பமிட்டனர், அவர்க்குச் சான்றளித்தோர் இன்னார்’ என அறிக்கையொன்றை அஃது எழுதிக் காட்டும். ஜூமின் ஏவலனோ அவ்வறிக்கையில் ஜூம் நிறுவனத்தின் பெயரும், ஆப்பிளின் சான்றுப் பெயர்களும் எங்கேனும் காணப்படுகின்றனவா என்று மட்டும் தேடினான். அறிக்கையில் பொதியின் பெயரும் அச்சாகுமன்றோ! ஆகவே, அப்பெயர்களையெல்லாம் வரிசையாகக் கோத்துக் கோப்பிற்குப் பெயராகச் சூட்டிவிட்டால், உள்ளே எஃது இருப்பினும் சோதனை நிறைவேறிற்று. கோவலன் கைச்சிலம்பும் புறத்தே அரசியின் சிலம்பைப் போன்றுதான் இருந்தது. பரல் முத்தோ மாணிக்கமோவென நோக்கியது கொலை நிகழ்ந்த பின்னரே.

வார்டில் இதனை 2021 டிசம்பரில் நிறுவனத்தார்க்கு அறிவித்தார். திருத்தம் வந்தது, ஆனால் அத்திருத்தத்தின் பின்னும் வேறொரு சிறு பழுது எஞ்சியது. ஏவலன் பொதியைத் தலைமைக்குரிய அடைவிற் படியெடுத்து வைத்தான். எனினும் அப்படியின்மேல் பழைய உரிமைகளே தங்கின. எனவே, சிறு கணக்கிற்குரியோன் சோதனை முடிந்த கணத்திற்கும் நிறுவுங் கணத்திற்கும் இடையே அதன் உள்ளீட்டை மாற்றிவிட இயன்றது. சோதிக்கப்பட்டது ஒன்று, நிறுவப்பட்டது மற்றொன்று. 2022 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரிற் கூடிய டெப்கான் மாநாட்டில் அவர் இதனை வெளிப்படுத்த, சில நாட்களுள் மீண்டும் திருத்தம் வெளிவந்தது. முதல் அறிவிப்பிலிருந்து எட்டுத் திங்கள் கழிந்திருந்தன. வகுப்புகளையும் ஆலோசனைக் கூட்டங்களையும் தன்பால் ஈர்த்துக்கொண்ட ஒரு மென்பொருளுக்கு அஃது மிகையான காலம் என்பதே என் கருத்து. இப்பழுதால் வெளியார் நேரே உட்புகுதல் இயலாது, முன்பே கணினியுள் இடம் பெற்றவனுக்கே இது பயன்படும் என்பதையும் நடுநிலைக்காகக் கூறவேண்டும். ஆயினும் தீய நிரல்கள் பல அங்ஙனம் சிறிய இடம் பெற்றே தொடங்குகின்றன.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறைகூறுதல் முறையன்று. டெல் கணினிகளின் அடிப்படை நிரலை அப்டேட் செய்யுங் கருவியோடு வந்த டிரைவர் ஒன்று, ஏவுவோன் யாவனென வினவாமலே ஆணைகளை ஏற்றுவந்ததை 2021 மே மாதத்திற் சென்டினல்லாப்ஸ் ஆய்வாளர் வெளியிட்டனர். அந்த டிரைவர் 2009-ஆம் ஆண்டு முதலே வழங்கிவந்தது. அதனைப் பெற்ற கணினிகள் கோடிக்கணக்கின.

மற்றொரு நுட்பமும் உண்டு. கையொப்பம் பொதியைச் செய்தவர் யாரென்பதைக் காட்டுமேயன்றி, அது குற்றமற்றதென்பதைக் காட்டாது. பழுதுடைய பழைய பதிப்பும் அந்நாளில் முறையாகக் கையொப்பம் பெற்றதே. அதனைப் புதியதுபோல் நீட்டினால், வரிசையெண்ணை நோக்காத ஏவலன் வாங்கிக்கொள்வான். விண்டோஸின் அப்டேட் முறையையே இங்ஙனம் பின்னோக்கித் திருப்பி, நீங்கிய பழுதுகளை மீண்டும் உயிர்ப்பிக்கலாமென்று அலோன் லெவியெவ் என்பார் 2024 ஆகஸ்டிற் காட்டினார்.

செய்யவேண்டுவன அரியனவல்ல. பொதியை முதலில் வேறெவர் கையும் எட்டாத இடத்திற் படியெடுத்து, உரிமைகளை மாற்றி, அதன் பின்னரே சோதித்தல் வேண்டும். சோதனையும் அறிக்கையின் சொற்களைத் தேடுவதாயிராது, கையொப்பத்தையே கணித்துப் பார்ப்பதாதல் வேண்டும். வரிசையெண் முன்னதினும் உயர்ந்ததா எனவும் நோக்கல் வேண்டும்.

இவற்றைக் கேட்டு, ‘அப்படியாயின் அப்டேட்டை நிறுத்திவிடுகிறேன்’ என்றார் என் அறைத்தோழர். அவர்க்கு யான் கூறிய விடை இது: தானியங்கு அப்டேட்டை நிறுத்தாது வைத்திருந்த மாக் பயனர்க்கு, வார்டில் கண்ட பழுதை நீக்கும் திருத்தம் வந்து சேர்ந்ததும் அந்த ஏவலன் கையாலேயே.