பழைய தார்ப்பாயைப் புதுப்பிக்கலாமா?

களத்து நெல்லை மழையினின்று காப்பது தார்ப்பாய். சங்கத்துப் பழைய பாய்களைப் பட்டறையில் வெளுத்து மெழுகூட்டிப் புதுப்பிப்பதா, புதியன வாங்குவதா என்பது வடலூர் வட்டார அங்கத்தினர் ஆராய வேண்டியதாகும்.

பருத்திக் கித்தானைக் கெடுப்பன ஈரமும் பூஞ்சையும். கடலூர்க் கரையோர மக்கள் முற்காலத்தில் பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்தது இவ்வழுகலைத் தடுக்கவே. பட்டறை அழுக்கை நீக்கும். மெழுகு நீரைத் தடுக்கும். பிரிந்த தையலையும் சீராக்கலாம். ஆயின் இற்ற நூலுக்கு வலிமை மீளாது. பிளாஸ்டிக் பாய் வெயிலில் நைந்து பொடிவது. அதற்கு மெழுகூட்டிப் பயனில்லை.

ஆகவே முதலில் நூலைச் சோதிப்போம். மடிப்பு விழுந்த இடத்தை இரு கையாலும் பற்றி, பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் சுண்டி இழுக்க வேண்டும். குறிஞ்சிப்பாடி நெசவாளர் கைக்கு இது எளிது. கிழிந்தால் கூலி வீண், தாங்கினால் புதுப்பிக்கலாம்.

அடுத்தது கணக்கு. உதாரணமாக, 4,000 ரூபாய்ப் புதுப்பாய் 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 1,000 ரூபாய். 1,500 ரூபாய் செலவிட்டுப் புதுப்பித்த பாய் ஓராண்டே உழைத்தால் நஷ்டம்; 3 ஆண்டு உழைத்தால் லாபம். வண்டிச் சத்தத்தையும் சேர்த்தே கணக்கிடுக.

கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்திற்குப் பொதுவாக 17 சதவீதமே வரம்பு. ஒழுகும் பாய் ஒன்று ஒரு குடும்பத்தின் பருவ உழைப்பையே மறுக்கச் செய்யலாம். எனவே இச்சோதனையை ஐப்பசி மழைக்கு விடாது, கோடையிலேயே முடிப்போம். பாய்களை நன்கு உலர்த்தியே மடித்து வைப்போம்.