வீங்கும் உயிரணுவும் நீரின் நடையும்

முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெறும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது பருக்கக் காண்கிறோம். இதுவே ஊடுபரவல்.

மூளையின் உயிரணுவும் இவ்வாறு வீங்குவதுண்டு. குருதிக் குழாய் அடைபட்டால் ஆக்சிசன் குறைகிறது. சோடியத்தை வெளியேற்றும் உயிரணுவின் இயக்கம் ஓய்கிறது. உள்ளே தேங்கிய சோடியத்தைத் தொடர்ந்து நீரும் புகுகிறது. உயிரணுக்கள் பருக்க, அவற்றின் இடைவெளி சுருங்குகிறது. ஆங்கு உலவும் நீர் மூலக்கூறுகளின் நடை தளர்கிறது.

இத்தளர்ச்சியைக் காட்ட வல்லது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமம். காந்தப் புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்பைக் கொண்டே அப்படிமம் உருவாகிறது. நீர்ப்பரவலை அளக்கும் முறையில் எடுத்தால், நீர் தடையின்றி உலவும் இடம் மங்கும். நடை தளர்ந்த இடம் ஒளிரும். 1990இல் மைக்கேல் மோஸ்லி குழுவினர், பூனைகளின் மூளையில் குருதி தடைப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள்ளேயே இம்மாற்றத்தைக் கண்டனர்.

குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆதலின் முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, நாக் குழறினாலோ, கூடலூராயினும் போடியாயினும், ‘விடியட்டும்’ என்று காத்திராது உடனே மருத்துவமனையை நாடுதல் கடன்.