கிராம சபை ஒலிபெருக்கியின் இணைப்புச் செருகிகளும் அவற்றின் பராமரிப்பும்

கிராம சபை நம் மாநிலத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. பல ஊராட்சிகள் இதன் பொருட்டுச் சொந்தமாகவே ஒலிபெருக்கிச் சாதனம் வாங்கி வைத்திருக்கின்றன. வாங்கிய அன்று அது கணீரென்று ஒலிக்கும். ஓரிரு மழைக்காலம் கழிந்ததும் கரகரக்கத் தொடங்கும். அப்போது ஊரார் பெட்டியின் மேல் பழி போடுவர். குற்றமோ பெரும்பாலும் பெட்டியில் இராது. கம்பிகளின் நுனியில் உள்ள செருகிகளிலேயே இருக்கும்.

சென்ற ஆண்டு அக்டோபர் 2 அன்று நாம் பார்வையாளராகச் சென்றிருந்த ஒரு சிற்றூரில் நடந்ததைச் சொல்லுவோம். தெருக்குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று முறையிட ஒரு மூதாட்டி எழுந்தார். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்ததும் படபடவென்று வெடிச் சத்தம். அதன்பின் ஓயாத இரைச்சல். "சத்தமாகச் சொல்லுங்கள், பாட்டி" என்று பிள்ளைகள் கூவினர். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "போதும் தம்பி, எழுதினதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். தீர்மானப் புத்தகத்தில் 'குடிநீர் பற்றிப் பேசப்பட்டது' என்ற ஒரு வரியே ஏறியது. எந்தத் தெரு, எத்தனை நாள் என்பது ஏறவில்லை. கூட்டம் முடிந்தபின், மைக் செட் பழுது பார்ப்பவர், "ஐயா, பெட்டி ஓய்ந்துவிட்டது, புதிது வாங்கினால்தான் சரிப்படும்" என்றார். விலைப்புள்ளியும் வந்தது. அதில் கையொப்பமிடுமுன் ஒலிவாங்கிக் கம்பியின் செருகியைத் திருகித் திறந்து பார்த்தோம். முட்கள் கறுத்திருந்தன, உள்ளே மறைப்பு வலைக் கம்பி அறுந்து தொங்கியது. அரை மணி நேர வேலையில் பழைய பெட்டியே தெளிவாகப் பேசியது.

இதன் காரணத்தை அறிதல் நலம். இரு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, கண்ணுக்கு முழுப் பரப்பும் தொடுவதுபோல் தோன்றினும், மெய்யாகத் தொடுவன சில நுண்ணிய மேடுகளே. மின்சாரம் அவற்றின் வழியாகவே செல்ல வேண்டும். காற்றின் ஈரத்தால் செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏறுகிறது. காற்றில் கலந்துள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இவ்வேலையை விரைவுபடுத்துகிறது. இந்தப் படலம் அம்மேடுகளை மூடுகிறது. ஒலிவாங்கியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவேயான மெல்லிய மின்குறி. படலத்தைத் துளைத்துச் செல்லும் வலிமை அதற்கில்லை. ஆதலால் ஒலிவாங்கிச் செருகியில்தான் அழுக்கின் தொல்லை முதலில் தெரியவரும்.

ஒலிபெருக்கிக் குழலுக்குப் போகும் கம்பியில் தொல்லை வேறு வகையினது. 100 வாட் ஆற்றலை 4 ஓம் ஒலிபெருக்கிக்கு அனுப்புகையில் 20 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் ஓடுகிறது. வழியில் ஒரு தளர்ந்த இணைப்பு 1 ஓம் தடையாக நின்றால் ஓட்டம் 4 ஆம்பியராகக் குறையும். ஒலிபெருக்கியைச் சேர்வது 64 வாட். 16 வாட் அந்த இணைப்பிலேயே வெப்பமாக வீணாகும். செருகியைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுவே. அது உருகி இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் பெட்டிக்கே கேடு.

இனி, துப்புரவு செய்யும் முறை. முதலில் பெட்டியை நிறுத்தி, மின்சாரச் செருகியையும் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். 100 வோல்ட் வழித்தடத்தில் இயங்கும் ஒலிபெருக்கிகள் உள்ள இடங்களில் இது உயிர் காக்கும் விதி. செருகியைக் கழற்றும்போது அதன் உடலைப் பிடித்து இழுக்க வேண்டுமேயன்றிக் கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. நாம் கண்ட பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வழக்கத்தால் விளைந்தவையே.

துடைப்பதற்கு ஏற்றது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மின்னணுப் பொருட்கடைகளில் 'ஐ.பி.ஏ.' என்று கேட்டால் தருவர். 99 விழுக்காடு தூய்மையுள்ளதே வேண்டும். 70 விழுக்காட்டுச் சரக்கில் எஞ்சியது நீர். பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணியில் சில துளி நனைத்து முட்களைச் சுற்றிலும் துடைக்கலாம். பஞ்சு வேண்டா, அதன் இழை உள்ளே தங்கிவிடும். பெண் செருகியின் துளைக்குள் துணி நுழையாது. ஆண் செருகியை நனைத்து, ஐந்தாறு முறை செருகி எடுத்தால், உரசலாலேயே படலம் கழன்றுவிடும். பிறகு சில நிமிடம் உலர விட வேண்டும். இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். பீடி புகைப்பவரை அருகில் அமர்த்த வேண்டா.

செய்யத் தகாதவை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மக்கள் உலோகம் துலக்குவதில் கைதேர்ந்தவர்கள். குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துப் பொன்போல் ஆக்கும் கைகள், செருகியையும் அவ்வாறே துலக்க விரைகின்றன. குத்துவிளக்கைக் குடம் தண்ணீர் ஊற்றி அலம்பிவிடுகிறோம். செருகியை அலம்ப இயலுமா? இடுக்கில் தங்கிய புளியின் அமிலம் மேலும் களிம்பையே வளர்க்கும். திருநீறும் உப்புத்தாளும் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். பொன் பூசிய செருகிகளில் அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்பே. ஒருமுறை தேய்த்தால் பொன் போய்ப் பித்தளை தெரியும். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்க்கும். கை கழுவும் கிருமிநாசினியும் ஆகாது. அவற்றில் பலவற்றில் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுபிசுப்பு நிற்கும்.

துடைத்த பின்னும் இரைச்சல் நீங்கவில்லையெனில் செருகியைத் திறந்து ஈயப்பற்றைப் பார்க்க வேண்டும். மூன்று முள் உள்ள எக்ஸ்.எல்.ஆர். செருகியில் முதல் முள்ளுக்கு மறைப்பு வலையும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒலிக்குறி தாங்கும் இரு கம்பிகளும் சேரும். வலை அறுந்தால் 'உம்' என்ற முழக்கம் எழும். மற்ற இரண்டில் ஒன்று அறுந்தால் ஒலி தாழ்வதோடு முழக்கமும் சேரும். மீண்டும் பற்றவைக்கையில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் திராவகத்தை ஒருபோதும் தொடக்கூடாது. அது கம்பியை மெல்ல அரித்துவிடும். ரோசின் உள்ளடங்கிய ஈயக் கம்பியே தக்கது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூட்டுக்கோலை அழுத்தினால் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுக, ஈயம் நஞ்சு.

வீட்டில் பாட்டுப் பெட்டி வைத்திருப்போர்க்கும் இம்முறை பொருந்தும். அங்கே காணும் சிவப்பு, வெள்ளை நிற ஆர்.சி.ஏ. செருகியில் வெளி வளையம் தளர்வதே அடிக்கடி நேரும் குறை. மெல்லிய குறடால் வளையத்தை இம்மியளவு உள்நோக்கி அழுத்தினால் போதும். மிகுதியாக அழுத்தினால் எதிர்ச் செருகியே பெயர்ந்து வரும்.

கம்பிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைப்பது எங்கும் காணும் பழக்கம். ரப்பரில் கந்தகம் உண்டு. வெள்ளிப் பூச்சுள்ள முட்கள் அதனருகில் விரைவில் கறுத்துவிடும். பருத்தி நாடாவால் கட்டுவது மேல். முழங்கையில் இறுகச் சுற்றாமல் அகன்ற வளையமாகச் சுருட்டி, ஆணியில் மாட்டாது பெட்டியில் வைத்து மூட வேண்டும். ஊராட்சிச் செயலர் கிராம சபைக்கு முந்தின நாள் மாலையிலேயே எல்லாச் செருகிகளையும் செருகி, ஒருவரைப் பேசச் சொல்லி, கம்பியின் இரு நுனிகளையும் லேசாக அசைத்துப் பார்க்கட்டும். கரகரப்பு எந்த நுனியை அசைக்கும்போது வருகிறதோ, அந்த நுனியில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி அடையாளம் செய்துவிட்டால், பொழுது சாயுமுன் பழுதைத் தீர்த்துவிடலாம்.