மருந்துக்கு மடியாத காய்ப்புழு

ஒரே பூச்சிக்கொல்லி தொடர்ந்து தெளிக்கப்படுமாயின் நாளடைவில் பயனற்றுப் போகும். புழு மருந்துக்குப் பழகிவிட்டதென்பர்; ஆனால் எந்தத் தனிப் புழுவும் அவ்வாறு பழகுவதில்லை. நஞ்சைச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் இயல்பு சில புழுக்களுக்குப் பிறவியிலேயே உண்டு. ஏனையவை மடிய, இவையே எஞ்சி இனம்பெருக்குகின்றன. சில தலைமுறைகளில் இவற்றின் வழித்தோன்றல்களே வயலில் மிகுந்துவிடுகின்றன.

1987-இல் ஆந்திரப் பிரதேசத்துப் பருத்தி வயல்களில் நேர்ந்தது இதுவே. பைரித்திராய்டு மருந்துகளைப் பன்முறை தெளித்தும் பச்சைக் காய்ப்புழு கட்டுப்படவில்லை. கடன்பட்ட உழவர் பலர் பேரிழப்புக்கு உள்ளாயினர்.

மருந்தின் அளவைக் கூட்டுவது தீர்வன்று. அதனால் எதிர்ப்பு மிக்க புழுக்களே எஞ்சும். சைபர்மெத்ரினுக்குப் பதிலாக டெல்டாமெத்ரின் தெளிப்பதும் மாற்றமன்று. இரண்டும் ஒரே வகையின. பெயரையன்றி வகையை மாற்றுதல் வேண்டும். சேதம் பொருளாதார வரம்பை எட்டியபின்னரே தெளித்தல் வேண்டும்.