ஒரு ரிமோட்டுக்கு எல்லா விசிறியும் அடங்குமா?

தொலைக்காட்சிக்கு ஒன்று, வளிச்சீராக்கிக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று என நமது வீடுகளில் ரிமோட்டுகள் பெருகிவிட்டன. ஒன்று பழுதடைந்தால் கடையில் ‘யுனிவர்சல் ரிமோட்’ வாங்குகிறோம். அது தொலைக்காட்சியை இயக்கும். ஆனால் பல வீடுகளில் கூரை விசிறியை அசைக்கக்கூட மாட்டாது. இதற்கான காரணத்தை நாம் படிக்கும் பௌதிகவியலிலேயே காணலாம்.

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தினூடாகச் செலுத்தி, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது வெப்பநிலை உயர்ந்தது. அவ்வாறு அறியப்பட்டதே செந்நிறக்கீழ்க் கதிர். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையிலுள்ள ஒளிகாலும் இருவாயி இக்கதிரையே வெளிவிடுகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 940 நனோமீற்றர். ஆகவே நம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான ரிமோட்டுகளில் இக்கதிர் செக்கனுக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. அறை விளக்கின் ஒளியிலிருந்தும் வெயிலிலிருந்தும் அதை வாங்கி பிரித்தறிவது இத்துடிப்பினால்தான். ஆனால் இக்கதிர் சுவரைக் கடக்காது.

பல கூரை விசிறிகளில் வாங்கி கூரையோடு ஒட்டிய மூடியினுள் மறைந்திருக்கும். அங்கே ஒளி புகாது. எனவே அவ்விசிறிகளின் ரிமோட்டுகள் 433 மெகாஹேர்ட்ஸ் போன்ற மீடிறன்களில் ரேடியோ அலையை அனுப்புகின்றன. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டில் செந்நிறக்கீழ்க் கதிர் மட்டுமே உண்டு. எத்தனை குறியீட்டு எண்களை அழுத்திப் பார்த்தாலும் ரேடியோ விசிறி அதற்குச் செவிசாய்க்காது.

எங்கள் வீட்டில் இது வெறும் வசதிப் பிரச்சினையாக இருக்கவில்லை. உம்மம்மாவுக்கு முழங்கால் வலி. சுபஹுக்கு முன் குளிர் கூடினால் விசிறியைக் குறைக்க இருட்டில் எழுந்து நடக்க வேண்டும். விழுந்துவிடுவார் என்று உம்மா தூங்காமல் இருப்பார். அவரது விசிறியின் ரிமோட் விழுந்து உடைந்ததும் வாப்பா யுனிவர்சல் ரிமோட் வாங்கி வந்தார். அது வேலை செய்யவில்லை.

எங்கள் முன்னறையிலும் அதே வகை விசிறி உண்டு. அதன் ரிமோட்டைக் கையடக்கத் தொலைபேசியின் முன்புறக் கமெராவுக்கு நேரே பிடித்து அழுத்தினேன். ஒளி எதுவும் தெரியவில்லை. தொலைக்காட்சி ரிமோட்டிலோ ஊதா கலந்த வெண்ணிறப் புள்ளி மின்னியது. பின்பு கதவை மூடி, அடுத்த அறையில் நின்று அழுத்தினேன், விசிறி சுழன்றது. ஆகவே அது ரேடியோ ரிமோட்தான்.

இரண்டு ரிமோட்டுகளிலும் பற்றரி மூடியினுள் நான்கு சிறிய ஆளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரு நிலைகள் கொண்டதால் மொத்தம் 16 ஒழுங்குகள். அயல் வீட்டு ரிமோட்டுக்கு நம் விசிறி சுழலாதிருக்கவே இந்த ஏற்பாடு. உடைந்த ரிமோட்டில் ஆளிகள் இருந்தவாறே முன்னறை ரிமோட்டிலும் மாற்றி வைத்தேன். உம்மம்மாவின் விசிறி உடனே இயங்கியது! அதன் பின்னரே வாப்பா அதே வகை ரிமோட் ஒன்றை நம்பி வாங்கினார். முன்னறை ரிமோட்டைப் பழைய நிலைக்கே மாற்றிவிட்டேன்.

பெற்றோர்களே, சகோதரிகளே, பணம் செலவழிக்கும் முன் இந்த இரு சோதனைகளையும் செய்து பாருங்கள். கமெராவில் ஒளி தெரிந்தால் யுனிவர்சல் ரிமோட் பொருந்த வாய்ப்புண்டு. மூடிய கதவுக்கு அப்பாலிருந்தும் இயங்கினால் அதே வகை ரேடியோ ரிமோட்டையே தேடுங்கள். உடைந்த ரிமோட்டை உடனே எறிந்துவிடாதீர்கள். ஆளிகளின் ஒழுங்கு அதில்தான் இருக்கிறது.

சுவர் ரெகியுலேற்றர் மட்டுமுள்ள பழைய விசிறிக்கு ரிமோட் வாங்கியைப் புதிதாகப் பொருத்துவதானால், அது எலக்ட்ரீசியனின் வேலை. 230 வோல்ற்று மின்னுடன் விளையாடக் கூடாது. ரெகியுலேற்றரும் ரிமோட் வாங்கியும் ஒரே இணைப்பில் சேர்ந்திருக்கவும் கூடாது. ரெகியுலேற்றரை நீக்கிச் சாதாரண ஆளியை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பற்றரி தீர்ந்த இரவிலும் அந்த ஆளி கைகொடுக்கும்.